இரட்சிக்கப்பட்டவர் எப்போது பரிசுத்தர் ஆகிறார்? எல்லையோரச் சபைகளில் தொடரும் ஒரு பழைய வாதம்

தமிழக–கேரள எல்லையில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “நீங்க நகை போடுறவங்களா?” எத்தனை பவுன் என்று கேட்பதாக நினைத்துவிடக் கூடாது. பெண் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மாப்பிள்ளை வீட்டார் பெந்தெகொஸ்தே என்றால் தாலி உண்டா, மோதிரம் உண்டா, காதில் கம்மலோடு பெண் மேடைக்கு வரலாமா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். பேச்சு முற்றினால் “அவங்க உலகத்தோட ஒத்துப்போறவங்க” என்று ஒரு பக்கமும், “இவங்க சட்டத்தைப் பிடிச்சுத் தொங்குறவங்க” என்று மறுபக்கமும் சொல்லிவிடுவார்கள்.

மேலே தெரிவது நகை. அடியில் கிடக்கும் கேள்வி வேறு. ஒருவர் இயேசுவை விசுவாசித்து இரட்சிக்கப்படுகிறார். அன்றைக்கே அவருக்குள் இருந்த கோபமும் பொறாமையும் இச்சையும் போய்விடுகின்றனவா? போகவில்லை என்றால் எப்போது போகும்? இந்த வாழ்நாளுக்குள் போகுமா, சாகும்போது போகுமா? போக்குவது யார், அவரா ஆண்டவரா? எங்கள் பெரியம்மா ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்த நாட்களில், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் “மக்களே, எனக்கு இன்னும் கோபம் வருதே, நான் இரட்சிக்கப்படலியோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சி.எஸ்.ஐ. போதகர் ஒரு பதில் சொன்னார். இரட்சணிய சேனை ஆபீசர் வேறொரு பதில் சொன்னார். பெந்தெகொஸ்தே பாஸ்டர் சொன்னது இன்னொன்று. மூன்றுமே வேதத்தைத் திறந்து வைத்துச் சொன்ன பதில்கள். ஒரே கட்டிலைச் சுற்றி நின்று மூன்று விதமாகப் பேசும்படி அவர்களைக் கொண்டுவந்தது எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பரிசுத்தம் வேண்டாம் என்று சொல்லும் சபை எதுவும் கிடையாது. “பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே” என்ற எபிரெயர் 12:14 எல்லாப் பிரசங்க பீடங்களிலும் ஒலிக்கிறது. சிக்கல் வேதத்திலேயே இரண்டு விதமாகப் பேசியிருப்பதில் தொடங்குகிறது. கொரிந்தியருக்குப் பவுல் “கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள்” என்று முடிந்துபோன காரியமாக எழுதுகிறார். அதே ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சகோதரன் மேல் சகோதரன் கோர்ட்டில் வழக்குப் போடுகிறானே என்று அவர்களைத்தான் கண்டிக்கவும் செய்கிறார். தெசலோனிக்கேயருக்கோ “சமாதானத்தின் தேவன்தாமே உங்களை முற்றிலும் பரிசுத்தமாக்குவாராக” என்று இனிமேல் நடக்க வேண்டியதாக ஜெபிக்கிறார். யோவானின் முதல் நிருபம் இன்னும் நெருக்கடி தருவது. முதலாம் அதிகாரத்தில், நமக்குப் பாவமில்லை என்று சொன்னால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில், தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான் என்கிறார். ஒவ்வொரு சபை மரபும் இவற்றில் ஒன்றை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு மற்றதை அதன்மேல் பொருத்திக்கொள்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் அஸ்திவாரமாக வைத்தது முதல் வகை. துறவு மடத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனச்சாட்சி ஆறாமல் தவித்தவர் அவர். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறார் என்றார். கிறிஸ்துவின் நீதி நம்மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. உள்ளே பழைய ஆதாம் சாகாமல்தான் கிடக்கிறான். 1517இல் அவர் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நாகர்கோவில் பக்கத்து லூத்தரன் சபைகளில் ஞானோபதேசம் படித்த பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய ஆதாமைத் தினந்தோறும் மனஸ்தாபத்தில் முக்கிக் கொல்ல வேண்டும் என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தத் ‘தினந்தோறும்’ முக்கியமானது. ஒருநாள் இந்த வேலை முடிந்து ஓய்வு கிடைக்கும் என்று லூத்தரன் மரபு எதிர்பார்ப்பதில்லை.

அவருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதியான கால்வின் இதை மறுக்கவில்லை, ஆனால் அழுத்தத்தை மாற்றினார். கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவனுக்கு இரண்டு கிருபைகள் சேர்ந்தே கிடைக்கின்றன என்றார். ஒன்று நீதிமானாக்கப்படுதல், மற்றது பரிசுத்தமாக்கப்படுதல். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவர முடியாது. 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய சபைப் பெரியவர்கள் இதைத் தெளிவாக வரையறுத்தார்கள். பரிசுத்தமாகுதல் மனிதன் முழுவதிலும் நடக்கிறது, ஆனாலும் இந்த வாழ்நாளில் நிறைவடையாது, மாம்சத்துக்கும் ஆவிக்கும் ஓயாத போர் இருக்கும், போரில் வளர்ச்சியும் இருக்கும். இந்த மரபினர் ரோமர் 7ஐ முதிர்ந்த விசுவாசியின் குரலாகவே வாசிப்பார்கள். “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று அழுகிறவர், அவர்கள் பார்வையில், அப்போஸ்தலனாகி ஊர் ஊராகச் சபை நாட்டிய பவுல்தான்.

நம் பகுதியில் இந்த ஓடை வந்து சேர்ந்த வழி லண்டன் மிஷன். 1806இல் மயிலாடி பக்கம் வந்த ரிங்கல்தௌபே பிறப்பால் பிரஷ்யர், லூத்தரன் வளர்ப்பு. ஆனால் அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கத்தின் பலம் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபைகளிலிருந்து வந்தது. அவர்கள் இவ்விஷயத்தில் கால்வினின் பிள்ளைகள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மரபினரோடு ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் ஒரே சபையாகச் சேர்ந்தார்கள். ஆக கால்வினும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் ஒரே ஆராதனைப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பரிசுத்தமாகுதல் பற்றி சி.எஸ்.ஐ. போதகர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இருநூறு வருஷச் சண்டையைத் தீர்த்துவிட்டுத்தான் ஒன்றுசேர்வோம் என்று இருந்திருந்தால் அந்தச் சபை உருவாகியிருக்கவே செய்யாது.

வெஸ்லியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்குள்ள பாதிச் சபைகளின் பேச்சு அவரிடமிருந்துதான் கிளம்புகிறது. 1741 செப்டம்பர் 3ஆம் தேதி லண்டனில் கிரேஸ் இன் தோட்டத்தில் வெஸ்லியும் மொராவியர்கள் என்ற ஜெர்மானியப் பக்திச் சபையாரின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபுவும் சந்தித்தார்கள். இருவருக்கும் பொதுவாகக் கைவந்த மொழி லத்தீன் என்பதால் லத்தீனிலேயே வாதம் நடந்தது. வெஸ்லி அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சின்சென்டார்ஃப் ஒரே பிடியாக நின்றார்: விசுவாசிக்குத் தனக்குள் எந்தப் பூரணமும் கிடையாது, கிறிஸ்துவே அவனுடைய பூரணம், நீதிமானாக்கப்பட்ட அந்த நொடியிலேயே அவன் முழுவதும் பரிசுத்தன், அதற்குப் பிறகு கூடுவதும் குறைவதும் இல்லை. வெஸ்லி விடவில்லை. கிருபையில் வளர்கிறவன் அன்பிலும் வளர்வதில்லையா? நேற்றைவிட இன்று அதிகம் நேசிக்கிறவன் நேற்றைவிட அதிகம் பரிசுத்தன் இல்லையா? இல்லை என்றார் பிரபு. இப்போது பிறந்த குழந்தையும் முதிர்ந்த தகப்பனும் இருதயச் சுத்தத்தில் ஒன்றுதான் என்றார்.

இரண்டு பேரும் உத்தமர்கள். வெஸ்லி விசுவாசத்தின் உறுதியைக் கற்றுக்கொண்டதே மொராவியர்களிடம்தான். ஆனாலும் அன்று பேசியது கடைசிவரை ஒத்துவரவில்லை. இன்றைக்கும் நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் “நீ கிறிஸ்துவுக்குள் ஏற்கெனவே பூரணன், அதை அறிக்கை செய்” என்கிற குரலையும், “சகோதரா, போன வருஷத்தைவிட இந்த வருஷம் உன்னில் என்ன மாற்றம்?” என்கிற குரலையும் கேட்கும்போது எனக்கு அந்தத் தோட்டம்தான் ஞாபகம் வரும்.

வெஸ்லியின் ‘கிறிஸ்தவப் பூரணம்’ பலமுறை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. 1766இல் அதற்கென்றே ஒரு விளக்க நூலை அவர் வெளியிட வேண்டிவந்தது. பூரணம் அடைந்தவன் அறியாமையிலிருந்தோ தவறுகளிலிருந்தோ சரீர பலவீனத்திலிருந்தோ விடுபட்டவன் அல்லன். சோதனை அவனுக்கும் வரும். விடுபடுவது தேவ அன்புக்கு எதிரான உள்நோக்கத்திலிருந்து. தேவனையும் பிறனையும் முழு இருதயத்தோடு நேசிப்பதே அவர் சொன்ன பூரணம். அது விசுவாசத்தால் ஒரு நொடியில் கிடைக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் வளர்ச்சி உண்டு, பெற்றதை இழக்கவும் கூடும். தமக்கு அது கிடைத்துவிட்டதென்று அவர் பறைசாற்றியதில்லை. பெரும்பாலோர் சாவதற்குச் சற்று முன்புதான் அதை அடைகிறார்கள் என்றும், முன்னதாகவே எதிர்பார்ப்பதில் தவறில்லை என்றும் சொன்னார்.

மெதடிஸ்ட் பாதிரியாராக இருந்து வெளியேறிய வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேதரினும் 1865இல் தொடங்கிய வேலை பிற்பாடு இரட்சணிய சேனையானது. அதன் விசுவாசக் கோட்பாடுகள் பதினொன்று. பத்தாவது, முற்றிலும் பரிசுத்தமாக்கப்படுவது விசுவாசிகள் அனைவருக்கும் உள்ள பாக்கியம் என்கிறது. 1882இல் பம்பாயில் இறங்கிய சேனை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாகர்கோவில் பக்கமும் வந்து சேர்ந்தது. வடசேரியில் கேதரின் பூத் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. சேனையில் ஞாயிறு காலைக் கூட்டம் பரிசுத்தத்துக்கு, மாலைக் கூட்டம் இரட்சிப்புக்கு என்பது பழைய வழக்கம். முன்னால் கிடக்கும் பெஞ்சில் ஆட்கள் இரண்டு காரியங்களுக்காக முழங்கால் போடுவார்கள். மனந்திரும்ப வருகிறவர் உண்டு. மனந்திரும்பி ரொம்ப நாளான பிறகு, ‘என்னை முழுவதும் எடுத்துக்கொள்ளும்’ என்று ஒப்புக்கொடுக்க வருகிறவரும் உண்டு. இந்த இரண்டாவது முழங்கால்தான் வெஸ்லி வழிச் சபைகளின் அடையாளம். லூத்தரன் கோயிலில் அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. அங்கே எல்லா முழங்கால்களும் முதல் முழங்கால்கள்தான்.

இனி நகைக்கு வரலாம். 1743இல் வெஸ்லி தம் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளில், பொன் அணிவதையும் விலையுயர்ந்த ஆடை உடுத்துவதையும் விலக்கியிருந்தார். 1 பேதுரு 3:3இல் வரும் ‘புறம்பான அலங்கரிப்பு’ பற்றிய வசனத்தை அவர் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டார். நகைக்குப் போகும் காசு ஏழைக்குப் போக வேண்டியது என்பது அவருடைய முக்கிய வாதம். அந்த விதி மெதடிஸ்டிலிருந்து அமெரிக்கப் பரிசுத்த இயக்கத்துக்கும், அங்கிருந்து பெந்தெகொஸ்தேக்கும் கைமாறி, இருபதாம் நூற்றாண்டில் கேரளம் வழியாகவும் சிலோன் வழியாகவும் நம் பக்கம் வந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று கம்மலைக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். திருகு பல வருஷமாகத் திறக்காமல் அழுக்கேறி இறுகிப்போய், தேங்காயெண்ணெய் விட்டுத் தங்கச்சி திருப்பிக் கொடுத்தாள். கழற்றிய கம்மலைத் துணியில் முடிந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மண்ணில் பொன்னுக்கு வேறொரு கதையும் உண்டு. திருவிதாங்கூரில் நாடார்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களும் பொன்னாபரணம் அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது என்று சாதி விதி இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859இல்தான் மேலாடை உரிமைக்கு அரசர் உத்தரவு வந்தது. அப்படிப்பட்ட பாட்டிகளின் பேத்தி காதில் பொன் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவதை வெறும் உலக ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அதேபோல், விலக்கப்பட்டு மறுக்கப்பட்ட பொன்னைத் தன் கையால் கழற்றி வைக்கிற பெண்ணை அறியாமை என்று சொல்லவும் வராது. இரண்டு பேரும் ஒரே கேள்விக்கு உடம்பால் பதில் சொல்லியிருக்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், எவ்வளவு எளிதில் வெறுங்காது ஒரு சான்றிதழாக மாறிவிடுகிறது என்பதுதான். கம்மலைக் கழற்றிய வீட்டில் மருமகளைப் படுத்தும்பாடு மாறாமல் இருந்தால் வெஸ்லி அதைப் பரிசுத்தம் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பெந்தெகொஸ்தேக்குள்ளேயே இதில் ஒரு பிளவு உண்டு என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியபோது அங்கே போதித்தது மூன்று படிகள்: இரட்சிப்பு, முழுப் பரிசுத்தம், பிறகு அந்நிய பாஷையோடு ஆவியின் அபிஷேகம். சுத்தமாகாத பாத்திரத்தில் ஆவி இறங்காது என்பது எண்ணம். 1910இல் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் டர்ஹாம் நடுப்படியை எடுத்துவிட்டார். சிலுவையிலேயே எல்லாம் முடிந்தது, மனந்திரும்பியவன் கிறிஸ்துவுக்குள் பரிசுத்தன், அதை வாழ்நாள் முழுதும் நடைமுறைக்குக் கொண்டுவருகிறான் என்றார். 1914இல் தொடங்கிய அசெம்பிளீஸ் ஆஃப் காட் இந்த வழிதான். கேரளத்தில் ராபர்ட் குக் என்ற மிஷனரியின் சபைகள் 1936இல் மூன்று படி போதிக்கும் சர்ச் ஆஃப் காட் அமைப்போடு சேர்ந்தன. ஆக பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெந்தெகொஸ்தே ஹால்களில் பாட்டும் கைத்தட்டும் ஒன்றாக இருக்கலாம், ஏட்டில் உள்ள உபதேசம் வேறு. நடைமுறையில் இரண்டு இடத்திலும் ‘வேறுபிரிக்கப்பட்ட ஜீவியம்’ என்ற ஒரே பேச்சுத்தான் கேட்கும். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளை உடையும் திருமணமின்மையும் சொத்தில்லாத வாழ்வுமாகத் தன் ஊழியர்களை விசுவாச வீடுகளில் வைத்திருக்கிறது. லூத்தர் விட்டு வெளியே வந்த மடத்துக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு.

வெஸ்லிக்கும் கால்வினுக்கும் நடுவே ஒரு பாதை போட்டவர்கள் கெசிக் மாநாட்டார். 1875இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்தக் கூட்டங்களில், பாவம் வேரோடு அழியாது, ஆனால் முழுவதும் ஒப்புக்கொடுத்தவனில் ஆவியானவர் அதை அடக்கி வைப்பார் என்று போதித்தார்கள். அவர்கள் அனுப்பிய முதல் மிஷனரியான ஏமி கார்மைக்கேல், மலைக்கு அந்தப் பக்கம் டோனாவூரில் 1951இல் சாகும்வரை இருந்தார். கேரளத்தில் பம்பையாற்று மணலில் நடக்கும் மாராமண் கன்வென்ஷனிலும் இதே ‘ஒப்புக்கொடுத்தல்’ பேச்சு நிறைய உண்டு. 1895இல் நடந்த அதன் முதல் கூட்டத்தில் பிரசங்கித்தவர்களில் ஒருவர் தமிழ் டேவிட் என்று அறியப்பட்ட சுவிசேஷகர்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் பிறகு சண்டை போடுகிறார்கள். கத்தோலிக்கர்கள் அந்தப் பிரிவினையையே ஏற்பதில்லை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், நீதிமானாக்கப்படுவது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் பரிசுத்தமாகிப் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததே என்றது. கிருபையோடு ஒத்துழைத்து அதில் வளரலாம், சாவான பாவத்தால் இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தில் திரும்பப் பெறலாம். நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, கோட்டாறு முழுக்கத் திருவிழாவாக இருந்தது. மனைவியும் உத்தியோகமும் உள்ள ஒரு பொதுநிலையினர், ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் இடையே ஏழு வருஷத்துக்குள் அந்த நிலையை எட்டினார் என்று திருச்சபை உறுதியாகச் சொல்கிறது. ‘இன்னார் பரிசுத்தர்’ என்று பெயர் சொல்லி அறிவிக்கும் துணிவு கால்வின் மரபுக்குக் கிடையாது.

1996இல் மார்த்தாண்டம் மறைமாவட்டம் அமைந்தபின் நம் பக்கத்தில் நன்கு வேரூன்றிய மலங்கரைக் கத்தோலிக்கர்களும், எல்லைக்கு அப்பால் உள்ள ஆர்த்தடாக்ஸ் சபையாரும் கீழைத் திருச்சபைகளின் பார்வையைக் கொண்டுவருகிறார்கள். மேற்கத்தியச் சண்டை முழுவதும் கோர்ட் பாஷையில் நடப்பது, தீர்ப்பும் விடுதலையும் அபராதமுமாக. கிழக்கில் பேச்சு வேறு: தேவன் மனிதரானது மனிதர் தேவனுடைய ஜீவனில் பங்குபெறுவதற்காக என்று நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியார் எழுதியதே அவர்களுக்கு அடிப்படை. அதற்கு வழி நோன்பும் ஜெபமும் குர்பானா என்னும் திருப்பலியும். ஐம்பது நோன்பு, இருபத்தைந்து நோன்பு, எட்டு நோன்பு, மூன்று நோன்பு என்று வருஷமே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. குர்பானாவில் அப்பத்தை உயர்த்தி, பரிசுத்தமானவை பரிசுத்தர்களுக்கே என்று அச்சன் (குருவானவர்) சொல்வார். பரிசுத்த பிதா ஒருவர், பரிசுத்த குமாரன் ஒருவர், பரிசுத்த ஆவி ஒருவர், அவரன்றிப் பரிசுத்தர் இல்லை என்று சனங்கள் பதில் சொல்வார்கள். பரிசுத்தராக அழைக்கப்பட்டவர்கள், அது தங்களுடையதில்லை என்று ஒத்துக்கொண்டே கை நீட்டி வாங்குகிறார்கள். எல்லா மரபுகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சமீப வருஷங்களில் டி.வி. வழியாகவும் யூடியூப் வழியாகவும் பரவியிருக்கும் ஹைப்பர் கிரேஸ் (அளவுகடந்த கிருபை) பேச்சு, புதிது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள், பலர் மகிழ்கிறார்கள். விசுவாசிக்குக் கட்டளைகள் தேவையில்லை, தினமும் பாவ அறிக்கை தேவையில்லை என்ற போதனை 1530களிலேயே லூத்தரின் மாணவர் அக்ரிகோலாவிடம் இருந்தது. லூத்தரே அதை எதிர்த்து எழுதினார். பயத்திலேயே வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அந்தச் செய்தி ஏன் தண்ணீராக இனிக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சின்சென்டார்ஃபிடம் வெஸ்லி கேட்ட கேள்விக்கு அதனிடமும் பதில் இல்லை.

இந்த வேறுபாடுகள் எல்லாம் கடைசியாக வெளியே தெரிவது அடக்கத்தில். பரிசுத்தமாகுதல் வாழ்நாளில் முடியாது என்றால் எங்கே முடியும்? வெஸ்ட்மின்ஸ்டர் வழியினர், சாகும் நொடியிலேயே விசுவாசியின் ஆத்துமா பரிசுத்தத்தில் பூரணமாக்கப்படுகிறது என்பார்கள். அதனால் சி.எஸ்.ஐ. கல்லறைத் தோட்டத்தில் செத்தவருக்காக மன்றாடுவது வழக்கமில்லை, குடும்பத்தாரின் ஆறுதலுக்காக ஜெபித்துவிட்டுத் திரும்புவார்கள். கத்தோலிக்கருக்கு, மீதி உள்ள சுத்திகரிப்பு உத்தரிக்கிற ஸ்தலத்தில் தொடர்கிறது. அதனால் நவம்பர் 2ஆம் தேதி கடற்கரை ஊர்க் கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரியும், பூசை ஒப்புக்கொடுப்பார்கள். மலங்கரை வீடுகளில் நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் விடுபடாது. பெந்தெகொஸ்தே வீட்டில் வெள்ளை உடுத்தி, கைத்தாளம் தட்டி, சீயோன் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டியைத் தூக்குவார்கள். நாலு சபையும் கலந்த குடும்பங்களில் பிள்ளைகள் அடக்கத்தை நடத்துவது யார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி வாங்குவதா வேண்டாமா என்று பிறகுதான் தீர்மானிக்கிறார்கள்.